எல்லைப்புறத்து மொழியும் எழுத்தும்: கெலமங்கலப் பகுதியை முன்னிறுத்தி ஓர் ஆய்வு

1. முன்னுரை

மொழியும் எழுத்தும் பிரிக்கவொண்ணாதன போன்று நமக்குத் தோன்றுகின்றன. இரண்டையும் பள்ளிப் பருவத்தில் ஒருங்கே பயில்வதால் எழும் தோற்றம் இது. வரலாற்று நோக்கிலோ, இவை வெவ்வேறு காலத்தன. வெவ்வேறு தேவையாற் பிறந்தன. வெவ்வேறு நெறியில் வளர்ந்தன. தமிழிலக்கண ஆசிரியர் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்திருந்தனர். பவணந்தியார் எழுத்துக்கு இலக்கணம் கூறுமிடத்து ஒலியையே முதற்கண் சுட்டினார். உரையாசிரியர்கள் ஒலிவடிவு என்றும் வரிவடிவு என்றும் இரண்டாக வகுத்து, முன்னதை முதன்மையாகவும் பின்னதை அதனைக் காட்டும் அடையாளமாகவும் கொண்டனர்.

இத்தெளிவு இக்காலத்து மங்கியதன் விளைவாக இரு கருத்துக்கள் நம்மிடையே வேரூன்றியுள்ளன. எழுத்தின் பழமையே மொழியின் பழமைக்கு அளவுகோல் என்பது ஒன்று. எழுத்தில்லாத மொழி மொழியாகாது, வெறும் பேச்சே என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பதும், முன்னது நம் மொழிக்கே நாம் இழைக்கும் தீங்கு என்பதும், பின்னது நம் அண்டை வாழ்வோர் மொழிக்கு நாம் இழைக்கும் தீங்கு என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இதனை ஆராய்தற்குக் கெலமங்கலத்தையும் அதனைச் சூழ்ந்த எல்லைப்புறத்தையும் களமாகக் கொள்கிறோம். ஒசூர், தேன்கனிக்கோட்டை, இராயக்கோட்டை ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்டு விளங்கும் இவ்வூர் இன்று கிருட்டினகிரி மாவட்டத்தைச் சார்ந்தது. பெரிய தொழிற்கூடங்களும் கருங்கற் குழிகளும் மலர்த்தோட்டங்களும் ஒருங்கே காணப்பெறும் பகுதி இது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியன இங்கே ஒரே தெருவில் வழங்குகின்றன. ஒசூர்ப் பகுதி 1799 ஆம் ஆண்டில் திப்பு வீழ்ந்தபின் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டது. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது சென்னை மாநிலத்திலேயே நிலைத்தது. ஆகவே இன்று நாம் காணும் எல்லைக்கோடு அண்மைக் காலத்தது. மொழிகள் இக்கோட்டுக்கு நெடுங்காலம் முந்தியன.

2. மொழித் தோற்றம்

மாந்தன் எப்பொழுது பேசத் தொடங்கினான் என்னும் வினாவிற்கு நேரிய சான்று எதுவும் இல்லை. எலும்பும் கல்லும் மண்ணில் எஞ்சுகின்றன, ஒலி எஞ்சுவதில்லை. இவ்வினா பற்றிய ஊகங்கள் வரம்பிகந்து பெருகக் கண்டே, பாரிசு மொழியியற் கழகம் தன் 1866 ஆம் ஆண்டு விதிகளில் மொழித் தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை என்று வரையறுத்தது. அன்றுதொட்டு அறிவு வளர்ந்துள்ளது. இன்றைய மாந்த இனத்தின் பழமை ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகள் என மொராக்கோ நாட்டு எலும்புகள் காட்டுகின்றன. நாவின் அடியில் அமையும் நாவடி எலும்பு ஒன்று இசுரேலின் கெபாராக் குகையில் 1983 இல் கிடைத்தது. ஏறத்தாழ அறுபதாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட நியாண்டர்தால் மாந்தனுடைய அவ்வெலும்பு, வடிவில் நம்முடையதை ஒத்திருந்தது. பேசுதற்குரிய உறுப்பு இருந்தது என்பதே இதனாற் பெறப்படும். பேச்சு இருந்தது என்பது பெறப்படாது.

தமிழகத்தில் அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகள் ஏறத்தாழ பதினைந்து இலட்சம் ஆண்டுப் பழமையுடையன. ஆயின் அக்கருவிகளைச் சமைத்தோர் இன்றைய மாந்தருக்கு முற்பட்டோர். அவர் பேசினரா, பேசினராயின் எவ்வாறு என்பதைக் கல் உரையாது. எனவே கல்லின் பழமையை மொழியின் பழமையாக ஏற்றியுரைப்பது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது.

மொழிகளையே ஒப்புநோக்கி அவற்றின் பழைய நிலையை உய்த்துணர்தல் மொழி வரலாற்றறிஞர்க்கு எஞ்சியுள்ள வழி. தென்னாட்டு மொழிகள் தனியொரு குடும்பத்தன என்பதை எல்லிசு 1816 இல் எடுத்துக்காட்டினார். கால்டுவெல் 1856 இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தால் நிலைநாட்டினார். சொற்களைக் கணித முறையால் ஒப்பிட்டு 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இக்குடும்பம் கிளைபிரியத் தொடங்கி ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் ஆயின என மதிப்பிடுகிறது. தமிழின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளோ இதற்கு மிகவும் பிற்பட்டவை. அளவுகோலாக எழுத்தைக் கொண்டால், மொழியின் வாழ்நாளில் பாதியளவை நாமே வெட்டி எறிந்தவராவோம்.

3. ஒரு தெருவில் மூன்று மொழிகள்

ஒப்பியல் முறைக்குக் கெலமங்கலத்துத் தெருவே ஒரு பாடசாலை எனலாம். தமிழர் 'பால்' என்பதைத் தெலுங்கர் 'பாலு' என்கின்றனர். கன்னடர் 'ஹாலு' என்கின்றனர். தமிழில் 'பத்து' கன்னடத்தில் 'ஹத்து', 'பள்ளி' 'ஹள்ளி'. சொல்லின் முதற்கண் நின்ற பகரம் கன்னடத்தில் ஹகரமாகத் திரிந்தது. இத்திரிபு கி.பி. பத்தாம் நூற்றாண்டையொட்டித் தோன்றிப் படிப்படியாகப் பரவியதைக் கன்னடக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன.

ஒசூர் என்னும் பெயரே இதற்கு நற்சான்று. அது கன்னடத்தில் 'ஹொச ஊரு', அஃதாவது புதிய ஊர். 'ஹொச' என்பது பழங்கன்னடத்தில் 'பொச'; தமிழ்ப் 'புது' என்பதன் இனச்சொல். ஹகரம் தமிழுக்கு இயல்பன்மையின் தமிழர் நாவில் அது நீங்கி 'ஒசூர்' ஆயிற்று. ஓர் ஊர்ப்பெயரில் மூன்று படிகள் அடுக்காகப் படிந்து கிடக்கின்றன. இவ்வரலாற்றை எவரும் கல்லில் எழுதி வைக்கவில்லை. மக்கள் நாவே எழுதி வைத்தது.

திரிபு கன்னடத்திற்கு மட்டும் உரியதன்று. தமிழர் 'செவி' என்பதைக் கன்னடர் 'கிவி' என்கின்றனர். 'சேரி' என்பதைக் 'கேரி' என்கின்றனர். இங்கே மாறியது தமிழ். பழமையைப் பேணியது கன்னடம். இகர எகர உயிர்களின் முன் நின்ற ககரம் தமிழிலும் தெலுங்கிலும் சகரமாயிற்று. 'கேள்', 'கெடு', 'கீழ்' என்றாற்போல நாவளை ஒலி பின்வரும் சொற்களில் மட்டும் தமிழ்க் ககரம் மாறாது நின்றது. இவ்விதியைப் பரோ 1943 இல் விளக்கியுரைத்தார். ஆதலின் எம்மொழியும் முற்றும் பழமையுடையது என்றோ, முற்றும் திரிந்தது என்றோ கூறுதல் பொருந்தாது. ஒவ்வொன்றும் தாயகத்துச் செல்வத்தில் ஒரு பங்கைக் காத்து நிற்கிறது.

4. எழுத்துக்கு முன்

எழுத்து வருமுன்னரே இப்பகுதி மக்கள் குறியிடும் வழக்கமுடையராய் இருந்தனர். கிருட்டினகிரி மாவட்டத்து மல்லப்பாடியில் வெள்ளை வண்ணத்துப் பாறை ஓவியங்கள் காணப்படுகின்றன. மல்லச்சந்திரத்தில் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் நிற்கின்றன. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த சான்றுகளால், இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை முற்பட்டது என 2022 இல் அறிவிக்கப்பெற்றது. பெருங்கற்காலத்து மட்கலங்களின்மேல் கீறப்பட்ட குறியீடுகள் தமிழகமெங்கும் கிடைக்கின்றன. இவற்றுட் பலவற்றிற்கும் சிந்துவெளிக் குறிகட்கும் ஒப்புமை உண்டு என்பதை பி.பி. லால் 1960 இல் எடுத்துக்காட்டினார். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025 இல் வெளியிட்ட விரிவான தொகுப்பும் இவ்வொப்புமையை வலியுறுத்துகின்றது.

குறி வேறு, எழுத்து வேறு என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். குறி ஒரு பொருளையோ, உடைமையையோ, குடியையோ சுட்டலாம். எழுத்தோ ஒரு மொழியின் ஒலிகளை அல்லது சொற்களை வரிசைபடக் காட்டுவது. அதனைக் கண்டு அறிந்தார் யாவரும் ஒரே தொடரைப் படிக்க வேண்டும். மட்கலக் குறிகள் பெரும்பாலும் ஒன்றிரண்டாகவே வருவன. சிந்துவெளி எழுத்தும் இன்னும் ஐயமறப் படிக்கப்பெறவில்லை. வடிவொப்புமை ஆராய்ச்சிக்குத் தூண்டுகோல்; முடிபு அன்று. தமிழின் பழமை இக்குறிகளை எழுத்தென நிறுவுவதைச் சார்ந்து நிற்கவில்லை. ஆதலின் நாம் விரைந்து முடிபு கூறவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

5. எழுத்தின் வருகை

உலகில் எழுத்து தானே தோன்றிய இடங்கள் மிகச் சிலவே. மெசொப்பொத்தேமியாவின் உருக் நகரில் ஏறத்தாழ கி.மு. 3300 இல் களிமண் பலகைகளில் எழுதப்பெற்றவை கவிதையல்ல. தவசக் கணக்கும் ஆட்டுமாட்டுக் கணக்குமே ஆகும். சீனத்தில் ஏறத்தாழ கி.மு. 1200 இல் ஆமையோட்டிலும் எலும்பிலும் குறிகேட்டு எழுதினர். நடு அமெரிக்காவிலும் எழுத்து தனித்துப் பிறந்தது. ஏனையோர் பிறரிடமிருந்து எழுத்தைப் பெற்றுத் தம் மொழிக்கேற்பத் திருத்திக்கொண்டனர். இது குறையன்று, கிரேக்கரும் பினீசியரிடம் பெற்றே எழுதினர்.

தென்னாட்டின் பழைய எழுத்து பிராமி வகையினது. மாங்குளத்துக் குகைக் கல்வெட்டை 1882 இல் சுவெல் கண்டார். இவ்வகைக் கல்வெட்டுக்களின் மொழி தமிழே என்பதைக் கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924 இல் வெளிப்படுத்தினார். ஐராவதம் மகாதேவன் 2003 இல் வெளியிட்ட பெருநூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று. பொருந்தல், கீழடி அகழாய்வுகளின் காலக்கணிப்புக்கள் எழுத்தின் வருகையைக் கி.மு. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகட்குக் கொண்டு செல்கின்றன. அசோகனுக்கு முன்னரா பின்னரா என்னும் வாதம் அறிஞரிடையே தொடர்கின்றது.

காலம் எதுவாயினும், தமிழர் அவ்வெழுத்தைக் கையாண்ட திறம் தெளிவானது. வடபுலத்துப் பிராகிருதத்தில் இல்லாத ழ, ள, ற, ன ஆகிய நான்கு ஒலிகளுக்குத் தனி வடிவம் சமைத்தனர். தமிழுக்கு வேண்டாத ஒலிகளின் எழுத்துக்களை விலக்கினர். தொடக்கத்தில் மெய்யும் அகரமேறிய உயிர்மெய்யும் வடிவால் மயங்கின. அம்மயக்கத்தைப் புள்ளி தீர்த்தது. தொல்காப்பியர் புள்ளிக்கு விதி வகுத்தார். ஒலியைத் தேர்ந்தறிந்த ஒரு சமுதாயமே இவ்வாறு எழுத்தைத் திருத்தியிருக்க முடியும். எழுத்து வருமுன்னரே அவ்வொலிகளை வேறு பிரித்துக் கேட்கும் செவி இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கெலமங்கலப் பகுதிக்கு இவ்வரலாற்றில் அணுக்கமான தொடர்பு உண்டு. அதியமான்களின் தகடூர், இன்றைய தருமபுரி, இதற்குத் தெற்கே உள்ளது. அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சதியபுத்திரரையும் கூறுகிறது. அவர் யாவர் என்பது நெடுங்காலம் வாதத்திற்குரியதாய் இருந்தது. திருக்கோவலூரை அடுத்த சம்பையில் 1981 இல் கண்டறியப்பெற்ற தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியைச் சதியபுத்திரன் என்றே குறிப்பிட்டு அவ்வாதத்தை முடித்துவைத்தது. சங்கப் புலவர் பாடிய குடியும், மோரியப் பேரரசன் குறித்த குடியும் ஒன்றேயாதல் ஒரு சிறு பாறையின் ஒற்றை வரியால் விளங்கிற்று.

6. நடுகல்லும் இரு வரிவடிவங்களும்

இப்பகுதியில் எழுத்தை ஊர்தோறும் கொண்டு சென்றது அரசாணையினும் நடுகல்லே எனலாம். ஆநிரை மீட்டோ, ஊர் காத்தோ மடிந்தவனுக்குக் கல் நடுதலைத் தொல்காப்பியர் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு துறைகளாக வகுத்தார். எழுத்துப் பொறித்த நடுகற்களைச் சங்கச் செய்யுட்கள் குறிக்கின்றன. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006 இல் கிடைத்த நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துடையன. அவற்றுள் ஒன்று 'ஆகோள்' என்னும் சொல்லையே ஆள்கிறது. இலக்கணம் கூறிய சொல்லும் கல் கூறிய சொல்லும் ஒன்றாயின.

தமிழ்ப் பிராமியினின்று வட்டெழுத்து வளர்ந்தது. அவ்வளர்ச்சியின் இடைநிலையைக் கொங்கு நாட்டு அறச்சலூர்க் கல்வெட்டும், கி.பி. ஐந்தாம் நூற்றாண்டினதாகிய பூலாங்குறிச்சிக் கல்வெட்டும் காட்டுகின்றன. செங்கம், தருமபுரி, கிருட்டினகிரிப் பகுதிகளில் கிடைத்த நடுகற்கள் பல வட்டெழுத்தில் அமைந்தவை. அவற்றை இரா. நாகசாமி 1970களில் தொகுத்து வெளியிட்டார். எல்லைக்கு அப்பால் இவ்வழக்கமே கன்னட எழுத்தில் நிகழ்ந்தது. பெங்களூரை அடுத்த பேகூரில் நிற்கும், ஏறத்தாழ கி.பி. 890 இன் கங்கர் கால வீரக்கல், பெங்களூரில் நிகழ்ந்த போரைக் கன்னடத்திற் குறிக்கின்றது. நட்டோர் நெஞ்சம் ஒன்று. நட்ட கல்லின் பொருள் ஒன்று. வரிவடிவம் மட்டும் இரண்டு.

அவ்விரண்டும் ஒரு மூலத்தினவே. பிராமியின் தென்கிளையொன்று கன்னட தெலுங்குப் பொது எழுத்தாய் வளர்ந்தது. ஏறத்தாழ 450 இன் அல்மிடிக் கல்வெட்டுக் கன்னடத்திற்கும், ஏறத்தாழ 575 இன் கலமள்ளைக் கல்வெட்டுத் தெலுங்கிற்கும் பழஞ்சான்றுகள். கன்னடமும் தெலுங்கும் தமக்குள் வரிவடிவால் வேறுபட்டு நின்றது பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியே. மொழிகள் பிரிந்து பல நூற்றாண்டு கழிந்த பின்னும் எழுத்து ஒன்றாகவே இருந்தது என்பது கருதத்தக்கது.

வரிவடிவ எல்லை மொழி எல்லையைப் பின்பற்றுவதும் இல்லை. சோழர் ஆட்சியில் இப்பகுதிகள் நிகரிலிசோழ மண்டலம் முதலிய பெயர்களால் வழங்கிய காலத்துத் தமிழ்க் கல்வெட்டுக்கள் கோலார், பெங்களூர் மாவட்டங்களில் ஏராளமாக வெட்டப்பெற்றன. இரைசு 1905 இல் பதிப்பித்த கருநாடகக் கல்வெட்டுத் தொகுதிகளில் அவற்றைக் காணலாம். அவ்வாறே தமிழகத்து ஒசூர் வட்டாரத்தில் கன்னடக் கல்வெட்டுக்கள் உள்ளன. அரசும் குடியும் நிலைமாறும்தோறும் கல்லின் எழுத்தும் மாறிற்று. தெருவின் பேச்சு மெல்லவே மாறிற்று.

7. ழகரத்தின் வரலாறு

ஒலி மாறும்பொழுது எழுத்து யாதாகும் என்பதற்கு ழகரம் தக்க எடுத்துக்காட்டு. தமிழ் 'ஏழு' கன்னடத்தில் 'ஏளு', தெலுங்கில் 'ஏடு'. பழங்கன்னடத்தில் ழகர ஒலியும் அதற்குரிய எழுத்தும் இருந்தன. பேச்சில் அவ்வொலி மறையத் தொடங்கியபின் எழுதுவோர் ழகர ளகரங்களை மயங்கி எழுதினர். அதனாலன்றோ பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கன்னட இலக்கண ஆசிரியர் கேசிராசர் தம் சப்தமணிதர்ப்பணத்தில் ழகரம் பயிலும் சொற்களைத் தொகுத்துரைக்க நேர்ந்தது! நாவு இழந்ததை நூல் காக்க முயன்றது. முடிவில் எழுத்தும் வழக்கொழிந்தது.

அதே நூற்றாண்டில் தமிழில் நன்னூல் தோன்றிற்று. பவணந்தியாரை அந்நூல் செய்வித்த சீயகங்கன், கோலாரைத் தம் பழம்பதியாகக் கூறிக்கொள்ளும் கங்கர் மரபினன். கன்னட நாட்டு மரபில் வந்த தலைவனொருவன் தமிழிலக்கணம் செய்வித்தான் என்பது, அக்காலத்து மொழிப்பற்றுக்கு வேலி இல்லை என்பதைக் காட்டும். தமிழில் ழகர எழுத்து நிலைத்தது. ஆயின் தமிழர் பலருடைய பேச்சில் இன்று அது ளகரமாகவும் யகரமாகவும் ஒலிக்கின்றது. ரகர றகர வேறுபாடும் பெரும்பான்மைப் பேச்சில் இல்லை. எழுத்து பேச்சின் நிழலாகத் தொடங்கி, பின்னர்ப் பேச்சு இழந்ததன் நினைவாக நிற்கின்றது. எழுத்தின் மெய்யான பெருமை இதுவே.

8. எழுத்தில்லா மொழிகள்

இனி, எழுத்தில்லாதது மொழியாகாது என்னும் கருத்தை நோக்குவோம். நீலகிரிக் கோத்தர், தோடர் மொழிகட்குத் தமக்கென எழுத்து மரபு இல்லை. எமனோ 1930களில் அவர்களிடையே தங்கி அம்மொழிகளைப் பதிவு செய்தார். நாம் மேற்காட்டிய 'செவி' என்பதற்குக் கோத்தர் கூறும் சொல் 'கெவ்'. 'சேரி' என்பதற்குக் 'கேர்'. தமிழ் இழந்த பழைய ககரத்தை, ஓரெழுத்தும் எழுதாத மக்கள் காத்துவைத்துள்ளனர். பரோவும் எமனோவும் 1961 இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில், இத்தகைய மொழிகளின் சொற்கள் தமிழ், கன்னடச் சொற்களுடன் சமநிலையில் வீற்றிருக்கின்றன. நீலகிரி இருளர் பேச்சைச் சுவலெபில் ஆராய்ந்து, அது தனக்கெனத் தனி இலக்கண அமைப்புடையது என நிறுவினார்.

தேன்கனிக்கோட்டை மலைச்சாரலிலும் இருளர் வாழ்கின்றனர். அவர்தம் பேச்சையும், இப்பகுதித் தெலுங்கு, கன்னடப் பேச்சு வழக்குகளையும் கொச்சை எனத் தள்ளுவோர் உளர். மேற்கூறிய சான்றுகளை நோக்க, அங்ஙனம் தள்ளப்படுவது கொச்சையன்று, சான்று என்பது புலனாகும். தமிழின் பழைய வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு அண்டை மொழியும் மலைமொழியும் பகையல்ல, சாட்சிகள். சாட்சியை இழந்தால் வழக்கும் மெலியும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால் பின்வருவன பெறப்படும். மொழி எழுத்தினும் மிகப் பழையது. அதன் பழமையை ஒப்பியலே காட்டும். குறியீடு எழுத்தின் முன்னோடியாகலாம். எழுத்தேயாதற்குத் தனிச் சான்று வேண்டும். எழுத்து கொண்டும் கொடுத்தும் வளர்வது. அதனைத் தம் ஒலிக்கேற்பத் திருத்திக் கொண்டமையே தமிழர் அறிவுக்குச் சான்று. வரிவடிவ எல்லையும் மொழி எல்லையும் அரசெல்லையும் ஒன்றல்ல.

இம்முடிபுகளிலிருந்து நமக்கு ஒரு கடமையும் பிறக்கின்றது. இம்மாவட்டத்து நடுகற்கள் பலவற்றை ஊர்மக்கள் வேடியப்பன் எனப் பெயரிட்டு வழிபட்டு வருகின்றனர். வட்டெழுத்தைப் படிக்கவல்லார் ஊரில் ஒருவரும் இல்லாத காலத்தும், எண்ணெயிட்டும் மாலை சூட்டியும் அவ்வெழுத்தைக் காத்தவர் அவரே. வழிபாடு நின்ற இடத்தில் கல் வேலிக்கல்லாகிறது. குழி தோண்டுமிடத்தில் தூளாகிறது. தொழிற்கூடமும் மனைப்பிரிவும் பெருகிவரும் கெலமங்கலப் பகுதியில் காலம் நீளமாக இல்லை.

பட்ட மேற்படிப்பு மாணவர் இருவர் மூவராகச் சேர்ந்து, ஓர் ஊராட்சியை எடுத்துக்கொண்டு, அங்குள்ள கற்களின் மைப்படியையும், அங்கு வழங்கும் மூன்று நான்கு மொழிகளின் சொற்றொகையையும் ஒருங்கே எடுப்பாராயின் அது சாலப் பயன்தரும். கல்லைப் படிப்போர் பேச்சைக் கேளாமலும், பேச்சை ஆய்வோர் கல்லைக் காணாமலும் இருந்துவரும் நிலை மாறுதல் வேண்டும். ஒலிவடிவையும் வரிவடிவையும் வேறு பிரித்துணர்ந்த நம் இலக்கண முன்னோர், இரண்டையும் ஒருங்குவைத்தே கற்பித்தனர். அந்நெறியில் நின்று இவ்வெல்லைப்புறத்தை ஆராயின், தமிழ் வரலாற்றுக்கு மட்டுமன்றித் தென்னாட்டு மொழிகள் அனைத்தின் வரலாற்றுக்கும் ஒளி கிட்டும்.